தந்தை பெயர் காலியாக இருந்தால்

குரோம்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு முதலாளி, நான். முதலாளியை சார் என்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போனால் வைரஸ் வந்துவிடும் என்று படித்தவர்களே நம்பிய காலம். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, தாம்பரத்தில் ஒரு வருடம் டிப்ளமோ படித்த தெம்பில் அங்கே சேர்ந்திருந்தேன்.

புறநகர்ப் பள்ளிகளுக்கு புரோகிராம் எழுதி விற்பது எங்கள் தொழில். அட்மிஷன், மார்க் ஷீட், நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் அதிலிருந்தே அச்சாகி வரும். ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். ஒரு பள்ளிக்கு மாணவர் பெயர் பெரிய எழுத்தில் வேண்டும், இன்னொன்றுக்கு ஜாதிக்கு மேலே பிறந்த தேதி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதி மாளாது. சார் சோம்பேறி, ஆனால் புத்திசாலிச் சோம்பேறி. புரோகிராம் எழுதுகிற புரோகிராம் ஒன்றைச் செய்துவைத்திருந்தார். பள்ளியின் விவரங்களைக் கொடுத்தால் அந்தப் பள்ளிக்கான முழு புரோகிராமையும் அதுவே எழுதிக் கொடுத்துவிடும்.

அதற்கு ஆதாரம் டெம்ப்ளேட். மாறாத வரிகள் அதில் அப்படியே இருக்கும், மாறுகிற இடங்களில் மட்டும் ஓட்டை விட்டிருக்கும். ஓட்டையில் விழுகிற பெயரோ எண்ணோ எந்த உருவத்தில் வந்து உட்காரவேண்டும் என்பதற்கு ஓட்டையின் ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்து. யூ என்றால் எல்லாம் பெரிய எழுத்து. பி என்றால் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரியது. சி என்றால் கோடு, புள்ளி போன்ற குப்பைகளைத் துடைத்துவிட்டு மிச்சம். இந்த எழுத்துகளுக்கு உயிர் கொடுக்கிற வேலை என்னுடையது. சேவை நாழியில் அச்சை மாற்றுவதுபோல, உள்ளே போவது ஒரே மாவு, வெளியே வருவது வேறு வேறு உருவம்.

எனக்கு அதில் பெருமை தாங்காது. அதிலும் ஐ என்கிற எழுத்து என் சொந்தக் கண்டுபிடிப்பு. தந்தை பெயரின் முதலெழுத்தைப் பிய்த்து, ஒரு புள்ளி வைத்து, பிள்ளையின் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் ஒட்டிவிடும். இனிஷியலைத் தனியாக டைப் அடிக்க வேண்டியதில்லை. சார் பார்த்துவிட்டு, நம்ம ஊருக்கென்றே செய்தமாதிரி இருக்கிறது என்றார். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

இனிஷியலைப் பற்றி இவ்வளவு யோசித்தவளின் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். நானும் அம்மாவும்தான். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா பொழிச்சலூருக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு வேறு ஒரு வீடு, வேறு ஒரு மனைவி, ஒரு பையன். வெளிநாடு போயிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். பம்மல் வரை ஒரு பஸ், அங்கிருந்து நடந்தால் வந்துவிடுகிற தூரம். ஒருமுறை பம்மல் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். தோளில் அந்தப் பையனின் வாட்டர் பாட்டிலை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் திருப்பி மணி பார்த்தார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். யாராவது பார்த்திருப்பார்களோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

அம்மா பால் டிப்போ நடத்தினாள். விடியும் முன்பே லாரி வந்து இறக்கிவிட்டுப் போகும் பாக்கெட்டுகளை எண்ணி, கார்டுக்குக் கார்டு கொடுத்து, அதில்தான் என்னைக் கல்லூரி வரை படிக்கவைத்தாள். குளிர்ந்த பாக்கெட்டுகளைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஆனால் அம்மாவுக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. அப்பா விட்டுப்போன சட்டைகளில் ஒன்றை வெள்ளிக்கிழமைதோறும் துவைத்து, தெருவுக்குத் தெரிகிறமாதிரி வெளிக் கொடியில் காயப்போடுவாள். பள்ளியிலோ கல்லூரியிலோ என்ன விண்ணப்பம் வந்தாலும் தந்தை பெயரை முத்து முத்தாக எழுதுவாள், தொழில் என்கிற இடத்தில் தனியார் கம்பெனி என்று போடுவாள். விஷயம் தெருவுக்கே வெளிச்சம். ஆனாலும் சட்டை காயாத வெள்ளிக்கிழமை இல்லை. நான் ஒருநாளும் அதைக் கேள்வி கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அம்மாமேல் இருந்த பரிவு இல்லை, எனக்கும் அந்தச் சட்டை தேவைப்பட்டது.

இப்போது ஆபீசுக்கு வருகிறேன். முதன்முதலில் எங்கள் புரோகிராமை வாங்கிய பள்ளியில் ஒரு பையனின் மார்க் ஷீட் விசித்திரமாக வந்தது. பெயருக்கு முன்னால் எழுத்து இல்லாமல் ஒரு புள்ளி மட்டும் நின்றது. டைப் அடித்தவர் தந்தை பெயரை விட்டுவிட்டார். ஐ என்கிற என் எழுத்து, வெற்றிடத்தின் முதலெழுத்தைப் பிய்க்கப் போய், வெற்றிடத்தையே கொண்டுவந்து, கடமை தவறாமல் பக்கத்தில் புள்ளியும் வைத்திருந்தது. பெயரின் முகத்தில் மச்சம் வைத்தமாதிரி இருக்கிறதே என்று சார் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

தந்தை பெயர் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று டெம்ப்ளேட்டில் ஒரு வரி சேர்த்தேன். என்ன சேர்த்தேன் தெரியுமா? காலியாக இருந்தால் விடாதே. கட்டத்தை நிரப்பும்வரை கர்சர் நகராது, பீப் அடித்துக்கொண்டே இருக்கும். கோடு போட்டு ஏமாற்றலாம் என்று பார்த்தால் சி அதைத் துடைத்துவிடும். எழுத்து விழுந்தே ஆகவேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அது டைப் அடிப்பவரின் தவறு மட்டுமே, வேறு எதுவாகவும் இருக்கமுடியாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். ஏனென்றால் எங்கள் வீட்டில் அது ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. அப்பா வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம், பெயர் இருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சமாளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு விற்ற பள்ளிகளுக்கெல்லாம் அந்த டெம்ப்ளேட்டிலிருந்துதான் புரோகிராம் போனது. மேற்குத் தாம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியும் அதில் ஒன்று.

பிளஸ் டூ முடிவு வந்திருந்த சமயம். அந்தப் பள்ளியின் கிளார்க், கூச்ச சுபாவமுள்ள ஒரு நடுவயதுக்காரர், போன் செய்தார். சான்றிதழில் ஒரு சின்னத் தகராறு, பெண்ணின் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் வரமுடியுமா என்றார். சார் என்னை அனுப்பினார். எலக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போதுகூட நான் நினைத்தது, பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்றுதான்.

கிளார்க் என்னிடம் நன்னடத்தைச் சான்றிதழை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. பெண்ணின் பெயருக்கு முன்னால் 'என்.' என்று ஓர் ஆங்கில இனிஷியல். அடுத்த வரியில் டாட்டர் ஆஃப் திரு. நாட் நோன்.

அட்மிஷன் ரெஜிஸ்டரில் அந்தப் பெண்ணுக்குத் தந்தை பெயர் இல்லை. பழைய தலைமை ஆசிரியை அம்மாவின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சேர்த்திருக்கிறார். கிளார்க் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது கட்டம் விடவில்லை. கோடு போட்டுப் பார்த்திருக்கிறார், புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில், எனக்குத் தெரியவில்லை, பிறகு கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில் நாட் நோன் என்று அடித்துவைத்து, மறந்தும் போயிருக்கிறார். மிச்சத்தை என் எழுத்துகள் பார்த்துக்கொண்டன. பி இரண்டு சொல்லுக்கும் தலையில் பெரிய எழுத்து வைத்து அதை ஒரு மனிதரின் பெயர் போல ஆக்கியது. ஐ அதிலிருந்து இனிஷியல் எடுத்தது. டெம்ப்ளேட் முன்னால் திருவும் சேர்த்து மரியாதை செய்தது.

அப்பன் பேர் தெரியாதவள் என்பது நம் ஊரில் என்ன வசவு என்று சொல்ல வேண்டியதில்லை. தெருக்குழாய்ச் சண்டையில்கூடக் கடைசியாகத்தான் அந்த வார்த்தைக்கு வருவார்கள். நான் அதை நேர்த்தியாக அச்சடித்து, பள்ளி முத்திரையோடு கொடுத்திருந்தேன்.

அந்தப் பெண் நர்சிங் படிக்க இடம் கிடைத்துச் சேரப் போயிருக்கிறாள். அங்கே கவுண்டரில் இருந்தவர் சான்றிதழை உரக்கப் படித்து, என்னம்மா இது, அப்பா யாருன்னே தெரியாதா என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி கேட்டிருக்கிறார். பெண் ஓடி வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன், படிக்கவே வேண்டாம் என்று வீட்டில் படுத்துக் கிடக்கிறாள். சேர மறுநாள்தான் கடைசி நாள். நல்ல சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்தால் எப்படியாவது இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அம்மாக்காரி வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு நாற்பதுக்குள் இருக்கும். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஏதோ ஒரு பட்டறையில் வேலை என்றாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாலும் பழக்க தோஷத்தில் தலையில் துணியைச் சுற்றிக் கட்டியபடியே வந்திருந்தாள். சத்தம் போடுவாள், வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டே எதிரில் உட்கார்ந்தேன். அவள் சத்தம் போடவில்லை.

"அவன் பேரு எனுக்குத் தெரியும்மா" என்றாள். "நல்லாவே தெரியும். சொல்ல மாட்டேன்னுதான் உட்டு வெச்சேன். தெரியாதுன்றது வேற, சொல்ல மாட்டேன்றது வேற. உங்க மிசினுக்கு அது தெரிய வாணாவா?"

மெஷினுக்கு எங்கே தெரியும். தெரிந்திருக்க வேண்டியது எனக்கு. அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போயிருந்தால்கூட ஓரளவு மானம் மிஞ்சியிருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒரு யோசனை சொன்னேன். ஏதாவது ஒரு பெயரைக் கொடுங்கள், இப்போதே மாற்றி அடித்துத் தந்துவிடலாம், யாரும் விசாரிக்கப் போவதில்லை என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். எங்கள் வீட்டு வைத்தியத்தை அவளுக்கும் சொன்னேன். கிளார்க்கூட அதுதான் நல்லது என்று தலையாட்டினார்.

அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இத்தினி வருசம் இல்லாம வளத்துட்டேன். இப்போ எவனோ ஒருத்தன இட்டாந்து வெக்கச் சொல்றியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தூசி தட்டுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கொடியில் காயும் சட்டையை அவள் வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல உடம்பெல்லாம் கூசியது. அம்மாமேல்கூட அந்த நிமிடம் எரிச்சல் வந்தது. எங்களிடம் ஏன் இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிற்று என்று நினைத்தேன்.

தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அம்மாவின் பெயர் போதும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, உங்கள் புரோகிராம்தானே ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அந்தக் குத்தலையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மாலைக்குள் கொண்டுவருகிறேன், பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் குரோம்பேட்டைக்குத் திரும்பினேன்.

சாருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு சான்றிதழ்தானே, டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்துவிட்டால் போயிற்று, இதற்காக டெம்ப்ளேட்டில் கை வைக்கவேண்டுமா என்றார். வைக்கவேண்டும் என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல்தடவை. ஏன் என்று கேட்டார். இன்னும் பல வீடுகளில் இப்படி இருக்கும் சார் என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி டெம்ப்ளேட்டைத் திறந்தேன்.

வேலை நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கட்டத்தைக் காலியாக விடலாம் என்று ஆக்குவது எளிது, பீப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் காலி என்பது தனியாகக் காலியாக இருக்காது. அதைச் சுற்றி நின்ற சொற்களெல்லாம் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றன. திரு என்று நிற்கும், பின்னால் ஆள் இருக்காது. டாட்டர் ஆஃப் என்று நிற்கும், யாருடைய என்று இருக்காது. பெயர் இல்லையென்றால் திருவும் போகவேண்டும், புள்ளியும் போகவேண்டும், புள்ளிக்குப் பின்னால் விட்ட இடைவெளியும் போகவேண்டும். அம்மா பெயர் வந்தால் அதற்கு முன்னால் திருமதி வருமா என்று ஒரு கேள்வி. பெயரை மட்டும் போட்டேன். ஓட்டையில் விழுகிற பெயரை மட்டும் அழகுபடுத்தினால் போதாது, பெயர் இல்லாதபோது அதன் அக்கம்பக்கத்தையும் கௌரவமாக மூடிக்கொடுக்கத் தெரியவேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தப் பள்ளிக்கான புரோகிராமை மறுபடி எழுதவைத்து, ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு, சாயங்கால ரயிலில் நெரிசலோடு நெரிசலாகத் தாம்பரம் போனேன்.

அம்மாவும் பெண்ணும் கிளார்க் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். பெண்ணுக்கு அழுது கண் வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. புது புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவள் பெயரைத் தேடி, தந்தை பெயர்க் கட்டத்தில் இருந்ததை நானே அழித்தேன். கர்சர் சத்தமில்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனது. பிரிண்டர் கரகரவென்று வரி வரியாக அடித்துத் தள்ளியது. பெண்ணின் பெயர் முன்னால் எதுவும் இல்லாமல் தொடங்கியது. டாட்டர் ஆஃப் என்பதற்குப் பின்னால் அம்மாவின் பெயர்.

சிஸ்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அம்மாக்காரி அதை வாங்கி என்னிடமே நீட்டி, எனக்கு இங்கிலீஷ் வராது, படித்துச் சொல் என்றாள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்து அர்த்தம் சொன்னேன். அவள் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இதுதான் நானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை அந்த வரியை மட்டும் படிக்கச் சொன்னாள். படித்தேன். பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தி எட்டிப் பார்த்தாள். நாளைக்குப் போலாம்மா என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. காலையில் என்னைக் கேட்ட கேள்வியையெல்லாம் அவள் மறந்தேவிட்டாள் போலிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனுக்கு அப்பா கீறாராம்மா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொழிச்சலூரில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டேன் என்று சொல்வதற்கும் அவள் ஒருத்தியிடம்தான் எனக்கு உரிமை இருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் புரிந்திருக்காது. அன்று முழுக்க எதற்காக அலைந்தேனோ அது என் வாய் வரைக்கும் வந்தது.

"இருக்காருங்க" என்றேன். "ரிட்டயர்டு. வீட்லதான் இருக்காரு."

அவள் தலையாட்டினாள். பெண்ணின் பக்கம் திரும்பி, அவள் தோளில் கைவைத்து, "பாத்துக்கோ, அப்பா கீற வூட்டுப் பொண்ணு உனுக்காவ இத்தினி தூரம் வந்துகீது" என்றாள். பிறகு என்னிடம், "நல்லா வளத்துக்கீறாரும்மா உங்கப்பா" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நன்றியும் கொஞ்சம் ஏக்கமும் கலந்த சிரிப்பு. அந்த ஏக்கத்தை அவளுக்குக் கொடுத்தது நான்தான். இருவரும் சான்றிதழைக் கசங்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து மெதுவாகத்தான் நடந்தார்கள். பெரிய மைதானம் அது. கேட்டை அடைவதற்குள் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.